விஎஸ் கோட் எடிட்டரை ரிமோட் சர்வரோடு இணைத்தால் ஒவ்வொரு முறையும் பாஸ்வேர்ட் கேட்கிறது, அடிக்கடி கனெக்ஷனும் போய்விடுகிறது. சரியாக செட் செய்வது எப்படி?

எடிட்டரைக் கொஞ்ச நேரம் மூடி வையுங்கள். முதலில் டெர்மினலில் இருந்து எஸ்எஸ்எச் (தொலைவில் உள்ள கணினிக்குள் பாதுகாப்பாக நுழையும் வழி) வழியாக, பாஸ்வேர்ட் கேட்காமல் சர்வருக்குள் போக முடிகிறதா என்று பாருங்கள். விஎஸ் கோடை சர்வரோடு இணைக்கும் ரிமோட் எஸ்எஸ்எச் எக்ஸ்டென்ஷன் உங்கள் கணினியில் இருக்கும் அதே எஸ்எஸ்எச்சைத்தான் கூப்பிடுகிறது. டெர்மினலில் முரண்டு பிடித்தால் விஎஸ் கோடிலும் முரண்டு பிடிக்கும்.

பாஸ்வேர்ட் தொல்லை தீர, பாஸ்வேர்டுக்குப் பதிலாக உங்களை அடையாளம் காட்டும் கீ ஜோடி ஒன்றை எட்25519 என்ற வகையில் உருவாக்குங்கள். பிரைவேட் கீ உங்களிடமே இருக்கட்டும். பப்ளிக் கீ, சர்வரில் ஆதரைஸ்டு கீஸ் ஃபைலுக்குள் ஒரே வரியாகப் போக வேண்டும். லினக்ஸிலும் மேக்கிலும் எஸ்எஸ்எச் காப்பி ஐடி கட்டளையே இதைச் செய்துவிடும். விண்டோஸில் அது இல்லை, கையால்தான் ஒட்ட வேண்டும்.

கீ போட்ட பிறகும் பாஸ்வேர்ட் கேட்டால் பர்மிஷனைப் பாருங்கள். சர்வரில் எஸ்எஸ்எச் ஃபோல்டருக்கு 700, ஆதரைஸ்டு கீஸுக்கு 600, அதாவது உங்களைத் தவிர வேறு யாரும் படிக்கவோ எழுதவோ முடியாது. ஹோம் ஃபோல்டரில் மற்றவர்கள் எழுத முடிகிற மாதிரி இருந்தாலும் சர்வர் அந்தக் கீயை நம்பாது. ஏன் என்று உங்களிடம் ஒரு வார்த்தை சொல்லாது, பேசாமல் பாஸ்வேர்ட் கேட்கும். காரணம் சர்வரின் லாகில்தான் கிடக்கும்.

அப்புறம் உங்கள் கணினியில் இருக்கும் எஸ்எஸ்எச் கான்ஃபிக் ஃபைல். சர்வருக்கு ஒரு செல்லப் பெயர், முகவரி, யூசர், கீ இருக்கும் இடம், நான்கு வரி போதும். ஐந்தாவதாக சர்வர் அலைவ் இன்டர்வல் 60 என்று சேர்த்துவிடுங்கள், சும்மா இருக்கும்போது 60 நொடிக்கு ஒரு முறை சர்வரைத் தட்டிப் பார்க்கும். சும்மா இருக்கும் கனெக்ஷனை நடுவில் ஒரு ரவுட்டர் வெட்டிவிடுவதுதான் பிரச்சினை என்றால், இந்த ஒரு வரியிலேயே சரியாகிவிடும். வேறொரு மெஷின் வழியாகத்தான் உள்ளே போக முடியுமென்றால் பிராக்ஸி ஜம்ப் வரியும் வேண்டும்.

இனி விஎஸ் கோடில் எஃப்1 அழுத்தி, ரிமோட் எஸ்எஸ்எச்சின் கனெக்ட் டு ஹோஸ்ட் கட்டளையில் அந்தச் செல்லப் பெயரைத் தேர்ந்தெடுத்தால் போதும். முதல் தடவை கொஞ்சம் நேரமாகும், ஏனென்றால் எடிட்டரின் பாதி சர்வரில்தான் ஓடுகிறது. அதை உங்கள் ஹோம் ஃபோல்டருக்குள் இறக்கி வைக்கிறது. சர்வரில் குறைந்தது 1 ஜிபி ராம் வேண்டும், 2 இருந்தால் நிம்மதி. பைத்தான் போன்ற எக்ஸ்டென்ஷன்களையும் சர்வர் பக்கம் தனியாக இன்ஸ்டால் செய்ய வேண்டும். சர்வர் பழசு என்றால் ஜிலிப்சி (லினக்ஸ் புரோகிராம்கள் நம்பியிருக்கும் அடிப்படை லைப்ரரி) பதிப்பைப் பாருங்கள்: விஎஸ் கோட் 1.99 முதல் 2.28 தேவை. சென்டோஸ் 7, உபுண்டு 18.04 இரண்டிலும் அது கிடையாது.

மணிக்கணக்கில் ஓடும் வேலைகளை எடிட்டரின் டெர்மினலில் நேரடியாக விடாதீர்கள், சர்வரிலேயே டெர்மினலை உயிரோடு வைத்திருக்கும் டிமக்ஸ் என்ற புரோகிராமுக்குள் ஓட்டுங்கள். கனெக்ஷன் போனாலும் வேலை நிற்காது.

எல்லாம் சரியாக இருந்தும் இணையாமல் சுற்றிக்கொண்டே இருந்தால், எஃப்1 பட்டியலிலேயே சர்வர் பக்கத்து விஎஸ் கோடை நிறுத்தும் கட்டளை இருக்கிறது. அதற்கும் மசியவில்லையென்றால் ஹோம் ஃபோல்டரில் அது இறக்கி வைத்த ஃபோல்டரையே அழித்துவிட்டு மறுபடி இணையுங்கள். உங்கள் கோட் அதற்குள் இல்லை. போவது சர்வர் பக்க எக்ஸ்டென்ஷன்களும் அவற்றின் செட்டிங்ஸும்தான்.