மேஜர் ஸர் யார்?

அன்புள்ள ஐயா,

அயர்லாந்து எழுத்தாளர் ஜேம்ஸ் ஜாய்ஸின் ‘டப்ளினர்ஸ்’ சிறுகதைத் தொகுப்பில் ‘ஐவி டே இன் தி கமிட்டி ரூம்’ கதையோடு நின்றுவிட்டேன். நாலைந்து பேர் பீர் குடித்தபடி பேசிக்கொண்டே இருக்கிறார்கள். ‘ஷோனீன்’ என்கிறார்கள், ‘மேஜர் ஸர்’ என்கிறார்கள். இரண்டாவதை மரியாதைச் சொல் என்றும், ஆங்கில அச்சில் ‘Sirr’ என்று ஓர் எழுத்து கூடிவிட்டது என்றும் நினைத்தேன். ஓயாமல் அடிக்குறிப்பைத் தேட வேண்டிய கதை வெளியூர்க்காரனுக்கு எதற்கு?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

முதல் வாசிப்பில் அடிக்குறிப்பை மறந்துவிடுங்கள். அவர்கள் மாநகராட்சித் தேர்தலில் கூலிக்கு ஓட்டுக் கேட்கிறவர்கள். வெளியே மழை, பேசிய காசு இன்னும் கைக்கு வரவில்லை. ஒருவர் வேட்பாளரின் அட்டையைக் கிழித்துக் கணப்பில் பற்றவைத்துச் சிகரெட் கொளுத்துகிறார். அந்த வெளிச்சத்தில் அவர் கோட்டில் குத்திய ஐவிக் கொடியின் இலை பளபளக்கிறது. 1891 அக்டோபர் 6 அன்று மறைந்த, அயர்லாந்தின் தன்னாட்சிக்குப் போராடிய தலைவர் பார்னலின் நினைவாக அணிந்த இலை.

‘ஷோனீன்’ ஐரிஷ் சொல். ஜான் என்ற பெயரோடு ‘ஈன்’ என்ற செல்ல விகுதி சேர்ந்தது. குட்டி ஜான், அதாவது ஆங்கிலேயனாக வேஷம் போடும் உள்ளூர்க்காரன். குழந்தையைக் கொஞ்சுகிற விகுதியாலேயே காறித் துப்புகிறார்கள்!

‘ஸர்’ ஆள் பெயர்தான். டப்ளினில் காவல் பொறுப்பிலிருந்த அதிகாரி. பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிரான 1798 கிளர்ச்சி வெடிக்கும் தறுவாயில் எட்வர்ட் ஃபிட்ஸ்ஜெரால்டையும், 1803இல் ராபர்ட் எம்மெட்டையும், இரு கிளர்ச்சித் தலைவர்களையும் பிடித்தவர். நூறாண்டு கழித்தும் அவர் பெயர் வசையாகப் புழங்குகிறது. கதையில் ஹென்சி என்பவர் ஒருவனை ஸரின் நேர் வாரிசு என்கிறார். நாலு பென்னிக்கு நாட்டை விற்பான் என்கிறார். அதே ஹென்சி, பீர் உள்ளே போனதும், பிரிட்டிஷ் மன்னர் எட்வர்ட் தாராளமாக வரட்டும், நாட்டுக்குள் பணம் புழங்கும் என்று வாதாடுகிறார். ஸர் யாரென்று அடிக்குறிப்பு சொல்லிவிடும். இந்தக் குட்டிக்கரணத்தை நீங்கள்தான் பிடிக்க வேண்டும்.

அந்த மன்னரைப் பற்றிய வரிகளுக்கு அஞ்சியவர் டப்ளின் பதிப்பாளரேதான். ஜாய்ஸ் 1911இல் எட்வர்டின் மகன் ஐந்தாம் ஜார்ஜுக்கே கடிதம் எழுதி, உங்கள் தந்தையைப் பற்றிய இந்தப் பகுதி ஆட்சேபத்துக்குரியதா என்று கேட்டார்! இத்தகைய விஷயங்களில் மன்னர் கருத்துச் சொல்வது வழக்கமில்லை என்று செயலாளரிடமிருந்து பதில் வந்தது. புத்தகம் வெளிவர 1914 ஆயிற்று, அதுவும் லண்டனில்.

அடுத்து அதே தொகுப்பின் கடைசிக் கதையான ‘தி டெட்’ படியுங்கள். அதில் ஒரு பெண் நடனம் முடிகிற நேரத்தில் எம்பி நின்று, ‘மேற்கு பிரிட்டன்காரர்!’ என்று ஒருவர் காதில் கிசுகிசுப்பாள். ‘ஷோனீன்’ புரிந்தவருக்கு அதற்கு அடிக்குறிப்பு வேண்டியிருக்காது.