ஜிபிஎல் 2 லைப்ரரியையும் அப்பாச்சி 2.0 லைப்ரரியையும் ஒரே புரோகிராமில் சேர்த்தால் சிக்கல் வருமா? எப்படித் தீர்ப்பது?

ஜிபிஎல் 2, அப்பாச்சி 2.0 இரண்டும் ஓப்பன் சோர்ஸ் லைசென்ஸ்கள், அதாவது கோடை எந்த நிபந்தனையில் பயன்படுத்தலாம், பகிரலாம் என்று சொல்பவை. இரண்டையும் சேர்த்து ஆபீசுக்குள்ளேயே ஓட்டினால் சிக்கல் இல்லை. வெளியே கொடுத்தால் சிக்கல்தான். ரிலீஸ் நெருங்கும் நேரத்தில் யாரோ உங்களிடம் லைசென்ஸ் பட்டியல் கேட்டிருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். எங்களுக்கும் அப்படித்தான் வந்தது.

நாங்கள் செய்தது ஆலைகளுக்கான கன்ட்ரோலர் பெட்டி. அதில் ஒரு ஜிபிஎல் பார்சர் (தரவைப் பிரித்துப் படிக்கும்) லைப்ரரி, கூடவே ஓபன்எஸ்எஸ்எல் என்ற குறியாக்க லைப்ரரி. 2021-இல் வந்த 3.0 முதல் ஓபன்எஸ்எஸ்எல் அப்பாச்சி 2.0-இல் இருக்கிறது. அப்பாச்சியின் பேட்டன்ட் நிபந்தனை (பேட்டன்ட் வழக்குப் போட்டால் பேட்டன்ட் உரிமை போய்விடும் என்பது) ஜிபிஎல் 2-இல் கிடையாது. தன்னிடம் இல்லாத கட்டுப்பாட்டை மேலே ஏற்றுவதை ஜிபிஎல் 2 அனுமதிக்காது. 2007-இல் வந்த ஜிபிஎல் 3 இதை ஏற்கும்.

"எல்லாம் இலவசம்தானே, யார் கேட்கப் போகிறார்கள்?" என்றார் மேனேஜர். நான் விடவில்லை. எழுதியவர் காசு கேட்கவில்லை, நிபந்தனை மட்டும்தான் வைத்தார். அதையும் மீறினால் அது திருட்டு.

அந்த பார்சர் லைப்ரரியின் ரீட்மி ஃபைலில் வெறும் "ஜிபிஎல் 2" என்றுதான் இருந்தது. அதை நம்பாமல் எல்லா சோர்ஸ் ஃபைலின் தலைப்பையும் கிரெப் (ஃபைல்களில் சொல் தேடும் கட்டளை) போட்டுப் பார்த்தேன். "பதிப்பு 2, அல்லது உங்கள் விருப்பப்படி அதற்குப் பிந்தையது" என்றே பெரும்பாலும் இருந்தது; அதாவது ஜிபிஎல் 3-ஐ எடுத்துக்கொள்ளலாம். ஒரே ஒரு ஃபைலில் மட்டும் "பதிப்பு 2 மட்டும்". முழு லைப்ரரியையும் கட்டிப்போட அது ஒன்று போதும். கிட் (கோடை யார் எப்போது மாற்றினார் என்று பதியும் கருவி) வரலாற்றைப் பார்த்தால் அந்த ஃபைலைத் தொட்டவர் ஒருவர்தான். விஷயத்தைச் சொல்லி மெயில் போட்டேன். அவரே தலைப்பை மாற்றி கமிட் செய்தார். பலர் தொட்டிருந்தால் அத்தனை பேரிடமும் சம்மதம் வாங்கியிருக்க வேண்டும். அப்புறம் மொத்தத்தையும் ஜிபிஎல் 3-இன் கீழ் சோர்சோடு கொடுத்தோம்.

அவர் மறுத்திருந்தால்? ஓபன்எஸ்எஸ்எல்லை எடுத்துவிட்டு, அதே வேலையைச் செய்யும் எம்பெட் டிஎல்எஸ் லைப்ரரியைப் போட்டிருப்பேன். அது அப்பாச்சி 2.0, ஜிபிஎல் 2 என்று இரண்டு லைசென்சிலும் கிடைக்கிறது, எது வசதியோ அதை எடுக்கலாம். அல்லது, டபிள்யூகெட் (wget) என்ற டவுன்லோட் புரோகிராமில் இருப்பதுபோல ஓபன்எஸ்எஸ்எல்லுக்கு மட்டும் ஒரு விதிவிலக்கு எழுதித் தரச் சொல்லிக் கேட்டிருப்பேன்.

"சிஸ்டம் லைப்ரரிக்குத்தான் விலக்கு உண்டே" என்று யாராவது வருவீர்கள். உண்டு, இயங்குதளத்தோடு வரும் லைப்ரரிக்கு. ஆனால் லைப்ரரியையும் புரோகிராமையும் ஒரே பெட்டியில் வைத்து நாமே விற்றால் ஜிபிஎல் 2-இன் அந்த விலக்கு பொருந்தாது; லைசென்சின் மூல வாசகத்தைப் படித்துவிட்டு வாருங்கள். நான் வக்கீல் இல்லைதான். பெரிய பணம் மாட்டியிருந்தால் வக்கீலிடம் போங்கள்.

இதோடு இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். தமிழ் எழுத்துரு, சொற்பட்டியல் செய்து வெளியிடுகிறவர்கள் "இலவசமாகப் பயன்படுத்தலாம்" என்று ஒரு வரி எழுதிவிட்டு லைசென்ஸ் ஃபைல் வைக்காமல் விட்டுவிடுகிறார்கள். மாற்றலாமா, மறுபடி வெளியிடலாமா என்று அந்த வரி சொல்வதில்லை. அதனால் டெபியன் போன்ற லினக்ஸ் தொகுப்புகள் அதைச் சேர்க்க முடியாது. கேட்டு மெயில் போட்டாலும் பதில் வருவதில்லை. பல நாள் உழைப்பு அப்படியே கிடக்கிறது, பார்க்கவே வயிறு எரிகிறது. எழுத்துருவுக்கென்றே ஓஎஃப்எல் என்ற லைசென்ஸ் இருக்கிறது. தயவுசெய்து அந்த ஒரு ஃபைலைப் போட்டுவிடுங்கள்.