சோலார், காற்றாலை, பேட்டரி: கட்டுப்பாட்டியல் கேள்வி பதில்

கிரிட் எனப்படும் மின்கட்டமைப்புகளுக்கான கட்டுப்பாட்டு முறைகளில் ஆராய்ச்சி செய்பவன் என்ற முறையில் எனக்கு வந்த கேள்விகள் இவை. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துவிட்டேன்.

மதுரை வாசகர்: மாடியில் 3 கிலோவாட் சோலார் போட்டிருக்கிறோம். உச்சி வெயிலில் கரண்ட் போனால் சோலாரும் நின்றுவிடுகிறது. பழுதா சார்?

பழுது எதுவும் இல்லை. உங்கள் இன்வெர்ட்டர் (சோலாரின் நேர் மின்சாரத்தை வீட்டுக்கான மாறு மின்சாரமாக்கும் கருவி), கிரிட்டின் மின்னழுத்த அலையைப் பார்த்து, அதோடு தாளம் தப்பாமல் மின்சாரத்தை உள்ளே தள்ளும் வகை. அலை இல்லையென்றால் அதற்குப் பின்பற்ற எதுவும் இல்லை. தவிர, கரண்ட் இல்லை என்று நம்பிக் கம்பத்தில் ஏறும் லைன்மேன் மேல் உங்கள் வீட்டு மின்சாரம் பாய்ந்துவிடக் கூடாது. அதனால்தான் கிரிட் போனதும் இன்வெர்ட்டர் தானே விலகிக்கொள்கிறது. பேட்டரியோடு கூடிய ஹைப்ரிட் இன்வெர்ட்டர் என்றால், முதலில் வீட்டைக் கிரிட்டிலிருந்து பிரித்துவிட்டு அலையைத் தானே உருவாக்கும்.

திருநெல்வேலி வாசகர்: காற்றாலை அதிகமானால் கிரிட் ஆட்டம் காணும் என்கிறார்களே, உண்மையா?

பாதி உண்மை. அனல், நீர் மின்நிலையங்களில் பல டன் எடையுள்ள ரோட்டர்கள் சுழல்கின்றன. தையல் மெஷினில் காலை எடுத்த பிறகும் சக்கரம் கொஞ்ச நேரம் ஓடுமே, அதுபோல ஒரு நிலையம் திடீரென்று கழன்றாலும், மற்ற ரோட்டர்களின் சுழற்சி ஆற்றல் நமக்குச் சில விநாடிகளைச் சம்பாதித்துக் கொடுக்கும். கணக்காகப் பார்ப்போம். கிரிட்டின் நிலைம மாறிலி, அதாவது ரோட்டர்களின் சுழற்சி ஆற்றல் மட்டும் முழுத் திறனை எத்தனை விநாடி கொடுக்க முடியும் என்ற அளவு, 4 விநாடி என்று வையுங்கள். 5 சதவீத உற்பத்தி போனால், 50 ஹெர்ட்ஸ் அதிர்வெண் விநாடிக்குச் சுமார் 0.31 ஹெர்ட்ஸ் வேகத்தில் சரியத் தொடங்கும். அதே வேகத்தில் போனால் 49-ஐத் தொட மூன்று விநாடிக்கு மேல் ஆகும். மாறிலி 2 என்றால் ஒன்றரை விநாடிதான். நீராவி வால்வைத் திறந்து டர்பைனின் சக்தியைக் கூட்டுவதற்கு அந்த நேரம் பத்தாது. சோலாரும் புது வகைக் காற்றாலைகளும் இன்வெர்ட்டர் வழியாக இணைவதால், இந்த நிலைமத்தைத் தாமாகக் கொடுப்பதில்லை.

ஆனால் பழி முழுவதையும் காற்றின் மேல் போடுவதை நான் ஏற்க மாட்டேன். 2016 செப்டம்பர் 28 அன்று தெற்கு ஆஸ்திரேலியா மாநிலம் முழுக்க இருண்டது. புயலில் உயர் அழுத்தக் கோபுரங்கள் விழுந்து, இரண்டு நிமிடத்துக்குள் ஆறு முறை மின்னழுத்தம் தாழ்ந்தது. அங்கிருந்த பல காற்றாலைகளில், குறுகிய நேரத்தில் இத்தனை தடவைக்கு மேல் அழுத்தம் தாழ்ந்தால் உற்பத்தியைக் குறைத்துவிடு என்று மென்பொருளில் ஒரு செட்டிங் இருந்தது. கிரிட்டை நடத்துபவர்களுக்கு அது தெரியாது. ஏழு விநாடிக்குள் 456 மெகாவாட் குறைந்தது. அந்தப் பற்றாக்குறை விக்டோரியாவோடு இணைக்கும் ஹேவுட் லைன் மேல் விழ, அதுவும் துண்டித்துக்கொண்டது. காற்று அப்போதும் வீசிக்கொண்டுதான் இருந்தது. தவறியது மென்பொருளில் இருந்த ஒரு எண். மின் இயந்திரத்தை வாங்கும்போது அதன் கட்டுப்பாட்டு மாதிரியையும் (எந்த நிலையில் எப்படி நடந்துகொள்ளும் என்று காட்டும் கணித விவரம்) கையோடு கேட்டு வாங்க வேண்டும் என்று நான் எங்கு போனாலும் சொல்வது இதனால்தான்.

அடுத்த ஆண்டு டிசம்பரில் அதே மாநிலத்தில் 100 மெகாவாட் ஹார்ன்ஸ்டேல் பேட்டரி ஓடத் தொடங்கியது. 2022-இல், கூடுதல் இயந்திரம் எதுவும் வைக்காமல், இன்வெர்ட்டர்களின் கட்டுப்பாட்டை மாற்றியே, சுழலும் ரோட்டரைப் போல நடந்துகொள்ளும் நிலைமச் சேவையையும் அது கொடுக்க ஆரம்பித்தது.

ஓசூர் வாசகர்: மின்ஸ்கூட்டரில் 30 சதவீதம் சார்ஜ் காட்டியது, அடுத்த சிக்னலுக்குள் நின்றுவிட்டது. மீட்டர் பொய் சொல்கிறதா?

சார்ஜ் அளவை நேரடியாக அளக்கும் கருவி எதுவும் கிடையாது. அளக்க முடிவது மின்னழுத்தம், மின்னோட்டம், வெப்பநிலை. மற்றது கணிப்பு. உள்ளே போனதையும் வெளியே வந்ததையும் கூட்டிக் கழித்தால் போதாதா என்று தோன்றும். சென்சாரில் 0.1 ஆம்பியர் பிழை இருந்து, அது இரவு பகலாகக் கூட்டிக்கொண்டே போனால், ஒரு நாளைக்கு 2.4 ஆம்பியர் மணி. 100 ஆம்பியர் மணி பேட்டரியில் பத்து நாளில் 24 சதவீதம் தப்பாகிவிடும்.

சரி, மின்னழுத்தத்தை வைத்துத் திருத்தலாமே? லித்தியம் இரும்பு பாஸ்பேட் செல்லில் 20 முதல் 80 சதவீதம் வரை மின்னழுத்தம் ஏறத்தாழ 0.1 வோல்ட்தான் மாறும். அதுவும் ஆக்சிலரேட்டரை முறுக்கினால் உள்மின்தடையால் அதைவிட அதிகமாகவே தாழ்ந்துபோகும். அதனால் இரண்டு வழிகளையும் கால்மன் வடிகட்டி என்ற முறையில் கலக்கிறோம். கூட்டல் கணக்கு எவ்வளவு நம்பகம், மின்னழுத்தம் எவ்வளவு நம்பகம் என்று ஒவ்வொரு கணமும் எடைபோட்டு, அதற்கேற்பத் திருத்தும் முறை அது. ஆர்.இ. கால்மன் 1960-இல் எழுதியது. அப்பல்லோ விண்கலத்தை வழிநடத்தியதும் இதுதான்.

உங்கள் ஸ்கூட்டரில் இந்த வகைச் செல் என்றால், அவ்வப்போது முழுதாக 100 வரை சார்ஜ் போடுங்கள். உச்சியில் மின்னழுத்தம் செங்குத்தாக ஏறுவதால் கணிப்பு அங்கே தன்னைச் சரிசெய்துகொள்ளும். அப்படியும் நின்றால், ஏதோ ஒரு செல் மட்டும் முதலில் காலியாவதாக இருக்கலாம். ஷோரூமில் செல்வாரியாக மின்னழுத்தம் பார்க்கச் சொல்லுங்கள்.

கோவை ஆராய்ச்சி மாணவி: மைக்ரோகிரிட்டில் (தனியாகவும் இயங்கக்கூடிய சின்ன மின்கட்டமைப்பு) 10 பேட்டரிகள் தங்களுக்குள் பேசி சார்ஜைச் சமன் செய்ய வேண்டும். எல்லாவற்றையும் எல்லாவற்றோடும் இணைத்தால் நல்லதுதானே சார்?

செய்தி போய்ச்சேரத் தாமதமே இல்லாத உலகத்தில் நல்லது. ஓல்ஃபாட்டி-சேபர், மர்ரி என்ற ஆய்வாளர்கள் இருவரும் 2004-இல் காட்டிய வரம்பை எடுத்துக்கொள்ளுங்கள்: எல்லா இணைப்பிலும் ஒரே தாமதம் என்றால், அது π-ஐ 2λ-ஆல் வகுத்து வருவதைவிடக் குறைவாக இருக்க வேண்டும். λ என்பது உங்கள் வலையின் லாப்ளாசியன் அணியின் (எது எதோடு இணைந்திருக்கிறது என்று காட்டும் எண் அட்டவணை) மிகப்பெரிய ஐகன் மதிப்பு, அதாவது அந்த அணியிலிருந்து கணக்கிட்டு எடுக்கும் தனி எண்களில் பெரியது. எடை எல்லாம் 1 என்றால், முழு இணைப்பில் λ 10; தாங்கும் தாமதம் 0.157 விநாடிதான். வரிசையாகச் சங்கிலிபோல் இணைத்தால் 0.4 விநாடி தாங்கும், ஆனால் சமனாவதற்கான நேர மாறிலி (வித்தியாசம் சுமார் மூன்றில் ஒரு பங்காகக் குறைய ஆகும் நேரம்) 10 விநாடியாக நீளும். இப்போது சங்கிலியின் இரு முனைகளையும் சேர்த்து வளையமாக்கிப் பாருங்கள். தாங்கும் தாமதம் 0.39 விநாடி, நேர மாறிலி 2.6 விநாடி. ஒரே ஒரு கம்பி கூடியதில் நான்கு மடங்கு வேகம்! அதோடு ஓர் இணைப்பு அறுந்தாலும் வளையம் சங்கிலியாக நின்று வேலை செய்யும். நான் என்றால் வளையத்தில் தொடங்குவேன். அப்புறம், தாமதத்தைச் சராசரியாக அளக்காதீர்கள் அம்மா, மோசமான நேரத்தில் எவ்வளவு என்று அளந்துகொள்ளுங்கள்.

சென்னை வாசகர்: இனி இதையெல்லாம் ஏஐ பார்த்துக்கொள்ளாதா?

நாளைய வெயிலையும் காற்றையும் கணிப்பதில் இப்போதே நன்றாகப் பயன்படுகிறது. மில்லிவிநாடிகளில் முடிவெடுக்கும் உள்வளையத்தில் (அளந்து உடனுக்குடன் திருத்தும் கட்டுப்பாட்டுச் சுழற்சி), எந்த நிலையிலும் நிலைகுலையாது என்று நிரூபித்துக் காட்டாத எதையும் நான் அனுமதிக்க மாட்டேன்.

திருச்சி, மூன்றாம் ஆண்டு மாணவர்: இந்தத் துறைக்கு வர என்ன படிக்கணும் அண்ணா?

நேரியல் இயற்கணிதம், வகைக்கெழுச் சமன்பாடு, நிகழ்தகவு மூன்றும் கைவசம் இருக்கட்டும் தம்பி. பைத்தான் போதும். ஒரே ஒரு பழைய லித்தியம் செல், ஒரு மின்தடை, ஒரு மைக்ரோகன்ட்ரோலர் வாங்கி, சார்ஜ் கணிப்பை நீயே எழுதிப் பார். செல்லை 2.5 வோல்ட்டுக்குக் கீழே மட்டும் இறங்க விடாதே.