வேலைக்குத் திரும்பினால் இ.எஸ்.ஐ. பணம் நின்றுவிடுமா?

கேள்வி: ஐயா, என் கணவர் ஓசூர் பக்கம் ஒரு கம்பெனியில் பவர் பிரஸ் ஆபரேட்டர். போன வருடம் பிரஸ்ஸில் கை சிக்கி இடது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் போய்விட்டன. வீட்டில் இருந்த மாதங்களுக்கு இ.எஸ்.ஐ. பணம் வந்தது. அப்புறம் மெடிக்கல் போர்டில் 20 சதவீதம் என்று எழுதினார்கள். இப்போது மாதம் 2,700 ரூபாய் அக்கவுண்டில் ஏறுகிறது. கம்பெனியில் பழைய சம்பளம் 15,000-க்கே திரும்ப வரச் சொல்கிறார்கள். ஆனால் கூட வேலை பார்த்தவர்கள், “நீ சேர்ந்த அன்றைக்கே அந்தப் பணத்தை நிறுத்திவிடுவார்கள்” என்கிறார்கள். என் மாமனாரும், “ஆயுசுக்கும் வருகிற பணத்தைக் கெடுத்துக்கொள்ளாதே” என்று தடுக்கிறார். இவரும் வீட்டிலேயே இருக்கிறார். யாரிடமும் சரியாகப் பேசுவதில்லை.
– ஒரு வாசகி, கிருஷ்ணகிரி மாவட்டம்

பதில்: நிற்காது அம்மா. தைரியமாக வேலைக்கு அனுப்புங்கள்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் சங்க ஆபீசில் உட்கார்ந்து மனு எழுதிக் கொடுத்த காலத்திலிருந்து இந்தப் பயத்தைக் கேட்டுக்கொண்டே இருக்கிறேன். இதை நம்பி, நல்ல வேலையை விட்டுவிட்டு வீட்டில் முடங்கியவர்களை நேரில் பார்த்திருக்கிறேன். அதனால் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன்.

உங்கள் கணவருக்கு வந்தது இரண்டு வேறு வேறு பணம். முதலில் வந்தது தற்காலிக ஊனத்துக்கானது. வேலைக்குப் போக முடியாத நாட்களுக்குத் தினச் சம்பளத்தில் 90 சதவீதம். வேலையில் சேர்ந்தால் அது நிற்கும், நிற்கவும் வேண்டும். ஊரில் பேசுகிறவர்கள் இதைத்தான் அரைகுறையாகக் கேட்டுவிட்டுச் சொல்கிறார்கள். இப்போது வருவது நிரந்தர ஊனத்துக்கானது. விரல் போனதால் சம்பாதிக்கும் சக்தியில் ஒரு பங்கு குறைந்ததே, அந்தக் குறைவுக்கு ஈடு. வேலைக்குப் போனால் விரல் திரும்ப முளைத்துவிடாது. அதனால் இந்தப் பணம் அவர் ஆயுள் முழுக்க வரும். அதே கம்பெனியில் சேர்ந்தாலும், வேறு கம்பெனிக்கு மாறினாலும், சொந்தமாகக் கடை வைத்தாலும் வரும். நாளைக்குச் சம்பளம் இ.எஸ்.ஐ. உச்சவரம்பான 21,000-ஐத் தாண்டினாலும் வரும்.

கணக்கையும் மாமனாருக்குக் காட்டுங்கள். மாதம் 15,000 என்றால் நாளுக்கு 500. அதில் 90 சதவீதம் 450. ஒரு கையில் இரண்டு விரல் போனால் 20 சதவீதம் என்று சட்டத்தோடு சேர்ந்த அட்டவணையிலேயே இருக்கிறது. 450-இல் 20 சதவீதம் 90 ரூபாய். முப்பது நாளுக்கு 2,700. இதில் எங்கேயாவது “வீட்டில் சும்மா இருக்க வேண்டும்” என்று ஒரு நிபந்தனை வருகிறதா? வருடா வருடம் உயிரோடு இருப்பதற்கான சான்று மட்டும் கொடுக்க வேண்டும். அதை மறந்தால்தான் பணம் தடைபடும். பின்னால் காய்ச்சல், மஞ்சள் காமாலை என்று படுத்து மெடிக்கல் லீவ் போட்டால், தகுதி இருக்கும்போது அந்தப் பணத்தோடு இதுவும் சேர்ந்தே வரும்.

பணத்தைவிட எனக்குக் கவலையாக இருப்பது வேறு. அவரை எந்த மெஷினில் நிறுத்தப் போகிறார்கள்? கேட்காமல் அனுப்பாதீர்கள். இரண்டு கையாலும் இரண்டு பட்டனை ஒன்றாக அழுத்தினால்தான் பிரஸ் இறங்க வேண்டும். கை உள்ளே போனால் சென்சார் நிறுத்த வேண்டும். உற்பத்திக் கணக்கைக் காட்டி ஒரு பட்டனை டேப் ஒட்டி அமுக்கி வைத்து ஓட்டச் சொல்கிற இடங்கள் இருக்கின்றன. அப்படிப்பட்ட மெஷினுக்கு அவர் திரும்பவே கூடாது. இன்ஸ்பெக்‌ஷன், ஸ்டோர், பேக்கிங் என்று இடது கைப்பிடி அதிகம் தேவைப்படாத வேலையாகக் கேட்கட்டும். வாயால் கேட்பதோடு விடாமல் ஒரு கடிதமாகக் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். சேருகிற அன்று ஏதாவது வெள்ளைத் தாளிலோ ராஜினாமா படிவத்திலோ கையெழுத்து கேட்டால் போட வேண்டாம். பழைய சர்வீஸ் தொடர்கிறது என்பது முக்கியம்.

யாரிடமும் பேசுவதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். இல்லாத விரலில் வலியும் அரிப்பும் வருகிறதா என்று அவரிடம் மெதுவாகக் கேட்டுப் பாருங்கள். நிறைய பேருக்கு வரும். வெளியே சொன்னால் பைத்தியம் என்பார்களோ என்று மறைத்துவிடுவார்கள். அது நிஜமான வலி, நரம்பு சம்பந்தப்பட்டது, அதற்கு வைத்தியம் உண்டு. இ.எஸ்.ஐ. டாக்டரிடம் சொல்லி பிசியோதெரபிக்கும் எழுதி வாங்குங்கள். முதல் வாரம் அவருக்குக் கஷ்டமாகத்தான் இருக்கும், எல்லார் கண்ணும் அந்தக் கை மேலேயே இருக்கும். அந்த நாட்களில் கூட வேலை செய்யும் நண்பர் ஒருவர் வீட்டுக்கு வந்து கூட்டிக்கொண்டு போனால் பெரிய உதவி.

கேள்வி: ஷிப்டுக்குப் போகும்போது பைக் விபத்தில் கால் எலும்பு முறிந்தது. இ.எஸ்.ஐ. லீவில் இருக்கிறேன். சாயங்காலம் நண்பர் கடையில் பில் போட உட்கார்ந்தால் 300 ரூபாய் தருகிறார். தப்பா?
– வாசகர், திருப்பூர்

பதில்: உட்காராதீர்கள் தம்பி. வேலைக்குப் போகும் வழியில் நடந்த விபத்தையும் வேலை விபத்தாக ஏற்கலாம் என்று 2010-இல் சட்டத்தைத் திருத்தினார்கள். அதனால்தான் உங்களுக்கு 90 சதவீதம் கிடைக்கிறது. ஆனால் வேலை பார்த்த நாளுக்கு அந்தப் பணம் கிடையாது. மறைத்து வாங்கினால் திருப்பிக் கட்ட வேண்டும், வழக்கும் வரலாம். உட்கார்ந்து செய்யும் வேலைக்கு உடம்பு தயார் என்றால் டிஸ்பென்சரி டாக்டரிடம் காட்டி ஃபிட் சர்டிபிகேட் வாங்கி, கம்பெனியிலேயே உட்காரும் வேலை கேளுங்கள்.

கேள்வி: கட்டைவிரல் போனதற்கு மெடிக்கல் போர்டு 30 சதவீதம் கொடுத்தது. இதை வைத்து மாற்றுத்திறனாளி அட்டை கிடைக்குமா?
– வாசகர், ராணிப்பேட்டை

பதில்: இதை வைத்துக் கிடைக்காது. இ.எஸ்.ஐ. போர்டு பார்ப்பது சம்பாதிக்கும் சக்தி எவ்வளவு போனது என்பதை. அட்டைக்கு அரசு மருத்துவமனையில் தனியாகப் பரிசோதித்து உடலின் ஊனத்தை அளப்பார்கள். இரண்டு எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. பெரும்பாலான சலுகைகளுக்கு அங்கே 40 சதவீதம் வேண்டும். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விண்ணப்பித்துப் பாருங்கள். கட்டைவிரலோடு உள்ளங்கை எலும்பும் சேர்ந்து போயிருந்தால் இ.எஸ்.ஐ. அட்டவணையில் அது 40 சதவீதம். உங்கள் எக்ஸ்ரேயை எடுத்துப் பார்த்துவிட்டு, அப்படி இருந்தால் தாமதிக்காமல் மேல்முறையீடு செய்யுங்கள். போர்டு முடிவு கைக்கு வந்த தேதியிலிருந்து கெடு ஓடிக்கொண்டிருக்கிறது.