கமெலியா இலை வீக்கம்: மரத்தை வெட்ட வேண்டாம்

வணக்கம் அக்கா. குன்னூர் வீட்டுக் கமெலியா பூமரத்தில் தளிர் இலை தடித்து வெளிறி, அடிப்பக்கம் வெள்ளையாகிறது, மரத்தையே வெட்டிவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து வெட்டாதீர்கள். இது எக்ஸோபசிடியம் என்ற பூஞ்சை. நம் தேயிலைக்குக் கொப்புள நோய் தருகிறதே, அதன் பங்காளி. மரம் சாகாது.

வீங்கிய இலையைத் தொட்டுப் பாருங்கள், கற்றாழை மடல் போலச் சதைப்பற்றாக இருக்கும். வெள்ளை பூப்பதற்குள் கிள்ளிவிடுங்கள். அந்த வெள்ளை மாவுதான் பூஞ்சையின் வித்து, காற்றில் பரவும். ஏற்கெனவே வெளுத்ததை உலுக்காமல், மேலே பையைக் கவிழ்த்து நறுக்கி, அப்படியே கட்டி அப்புறப்படுத்துங்கள். உரக்குழியில் போடவே கூடாது.

மருந்து அடித்தும் வீங்கிய இலை மீளாது, காசை வீணாக்காதீர்கள். பூ முடிந்ததும் உள்கிளைகளைக் கழித்துக் காற்றோட்டம் விடுங்கள். தண்ணீரை இலைமேல் தெளிக்காமல் தூரில் ஊற்றுங்கள். அடுத்த தளிர் விரியும்போது மறுபடி ஒரு படம் போடுங்கள் அக்கா, பார்த்துச் சொல்கிறேன்.