ஒரு நாளைக்கு ஒரே பாடம் படித்தால் ஏன் மறக்கிறது?

ஐந்து பாடத்தை ஐந்து நாளுக்குப் பிரித்து, ஒரு நாள் முழுக்க ஒன்றையே படிக்கிறீர்கள். அடுத்த வாரம் கணக்கைத் திறந்தால் புதிதாகத் தெரிகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். உழைப்பில் குறையே இல்லை, அட்டவணைதான் தப்பு. புதிதாகப் படித்ததை ஏழு நாள் தொடாமல் விட்டால் பெரும்பகுதி நழுவிவிடும்.

மூன்று மணி நேரம் கிடைத்தால் மூன்று பாடம், தலா 45 நிமிடம், நடுவில் பத்துப் பத்து நிமிடம் ஓய்வு. கணக்கையும் இயற்பியலையும் அடுத்தடுத்து வைக்காதீர்கள், இடையில் வரலாறோ மொழிப்பாடமோ வரட்டும்.

மீதி 25 நிமிடம்தான் உயிர்நாடி. புத்தகத்தை மூடிவிட்டு, நேற்றுப் படித்ததை வெற்றுத்தாளில் எழுதுங்கள். ஒளிச்சேர்க்கை என்றால் இலைக்குள் என்ன போகிறது, என்ன வெளியே வருகிறது, எந்த இடத்தில் நடக்கிறது. பிறகு புத்தகத்தைத் திறந்து, விட்டுப்போனதை மட்டும் சிவப்பு மையில் சேருங்கள். 3ஆம் நாளும் 7ஆம் நாளும் அந்தச் சிவப்பிலிருந்தே தொடங்குங்கள். வெறுமனே திரும்ப வாசிப்பதை நம்பாதீர்கள். ரோடிகரும் கார்பிக்கும் என்ற உளவியல் ஆய்வாளர்கள் 2006இல் வெளியிட்ட ஆய்வில், 5 நிமிடம் கழித்து வைத்த தேர்வில் திரும்ப வாசித்தவர்கள் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து வைத்ததில் நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களே முந்தினார்கள்.

கணக்குக்கு மட்டும் இன்னொன்று. ஒரே பயிற்சியை வரிசையாகப் போட்டால் எந்த முறை என்று யோசிக்கவே வேண்டாம். தேர்விலோ அதுதான் சிக்கல். மூன்று அத்தியாயத்திலிருந்து இரண்டிரண்டு கணக்கெடுத்துக் கலைத்துப் போடுங்கள். முதல் சில நாள் தப்பு கூடும், அதற்காக விட்டுவிடாதீர்கள்.