பாலைக் கொட்ட வேண்டியிருக்கவில்லை

கேள்வி: எனக்குக் கொரோனா உறுதியானபோது என் குழந்தைக்கு ஐந்து வாரம். பால் வழியாகத் தொற்றிவிடும் என்று வீட்டில் பயந்ததால், ஆறு நாள் தாய்ப்பாலை நிறுத்திவிட்டுப் பால்பவுடர் கொடுத்தேன். பீச்சிய பாலையெல்லாம் கொட்டினேன். இப்போது குணமாகிவிட்டேன், ஆனால் பால் குறைந்துவிட்டது. மீண்டும் கொடுக்கலாமா? மறுபடி தொற்று வந்தால் என்ன செய்வது?

பதில்: அன்புச் சகோதரி, தாராளமாகக் கொடுக்கலாம்; இன்றே தொடங்குங்கள். காய்ச்சலோடு உட்கார்ந்து பீச்சிய பாலைக் கையோடு கொட்டுவது எவ்வளவு வேதனை என்பது எனக்குப் புரிகிறது. பிள்ளையைக் காக்க நினைத்துச் செய்த காரியம் அது. அதற்காக நீங்கள் குற்றவுணர்வு கொள்ள வேண்டாம்.

வீட்டார் பயந்ததற்கும் காரணம் உண்டு. 2020ஆம் ஆண்டில் ஜெர்மனியில் தொற்றுக்குள்ளான இரண்டு தாய்மார்களின் பாலைச் சோதித்தபோது, ஒருவரின் பாலில் வைரஸின் ஆர்.என்.ஏ. தென்பட்டது, அந்தச் செய்தி வேகமாகப் பரவியது. ஆனால் அந்தப் பரிசோதனை வைரஸின் மரபணுத் துணுக்கு இருக்கிறதா என்று மட்டுமே காட்டும். அது உயிர்ப்புள்ள வைரஸா, சிதைந்துபோன மிச்சமா என்று சொல்லாது. அதே ஆண்டில் கலிபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தொற்றுக்குள்ளான 18 பெண்களின் 64 பால் மாதிரிகளைச் சோதித்தார்கள். ஒரே ஒரு மாதிரியில் ஆர்.என்.ஏ. இருந்தது, அதையும் ஆய்வகத்தில் செல்களோடு சேர்த்து வளர்த்துப் பார்த்தபோது வைரஸ் பெருகவில்லை. பதினெட்டுப் பேர் என்பது சிறிய எண்ணிக்கைதான். இருப்பினும் நியூயார்க்கில் தொற்றோடு பிரசவித்த தாய்மார்கள், கையும் மார்பும் கழுவி, முகக்கவசம் அணிந்து பாலூட்ட அனுமதிக்கப்பட்டார்கள். அவர்களின் 120 குழந்தைகளில் ஒன்றுக்கும் முதல் 24 மணி நேரத்தில் தொற்று இல்லை, ஐந்து முதல் ஏழு நாளில் மறுபடி சோதிக்கப்பட்ட 79 குழந்தைகளுக்கும் இல்லை. உலக சுகாதார நிறுவனமும் தொற்றுள்ள தாய்மார்கள் பாலூட்டலைத் தொடரவே பரிந்துரைக்கிறது.

ஆகவே கவனிக்க வேண்டியது பாலை அன்று, தொற்றைப் பரப்பும் உங்கள் மூச்சையும் இருமலையும்தான். மறுபடி தொற்று வந்தால், கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, மூக்கும் வாயும் மூடும்படி முகக்கவசம் அணிந்து பால் கொடுங்கள். குழந்தைக்கு முகக்கவசம் போடவே கூடாது, மூச்சுத் திணறிவிடும். எழுந்து உட்கார முடியாத அளவு உடல் தளர்ந்திருந்தால், பாலைப் பீச்சி வேறொருவர் கையால் கொடுக்கச் சொல்லுங்கள். தொற்று வந்த தாயின் பாலில் இந்த வைரஸை எதிர்க்கும் ஐ.ஜி.ஏ. வகை எதிர்ப்புப் புரதங்கள் சுரப்பதைப் பல ஆய்வுகள் கண்டிருக்கின்றன. நீங்கள் கொட்டிய பாலில் அவையும் இருந்திருக்கக்கூடும். எந்த மருந்தையும், பாலூட்டுவதை மருத்துவரிடம் சொன்ன பிறகே சாப்பிடுங்கள்.

பால்பவுடர் கொடுக்கும் நாள்களில் ஒன்றை மறக்காதீர்கள்: அந்தப் பவுடர் கிருமி நீக்கப்பட்டதன்று. கொதித்த நீர் 70 டிகிரி செல்சியஸுக்குக் கீழே ஆறிவிடுமுன் கரைத்து, பிறகு குளிரவைத்துக் கொடுக்க வேண்டும்.

கொரோனா பெரும்பாலான குழந்தைகளுக்கு லேசாகவே வந்துபோகிறது. ஆனாலும் மூன்று மாதத்துக்குட்பட்ட பிள்ளையிடம் பொறுத்துப் பார்ப்போம் என்று இருக்கக் கூடாது. காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸைத் தொட்டாலோ, பால் குடிக்க மறுத்தாலோ, வழக்கத்தைவிடக் குறைவாகச் சிறுநீர் கழித்தாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ உடனே மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்லுங்கள். குழந்தை தூங்கும்போது சட்டையை விலக்கி, வயிறு ஏறி இறங்குவதை ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். இரண்டு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு அது 60 அல்லது அதற்கு மேல் இருந்தால், மறுபடி ஒருமுறை எண்ணியும் குறையாவிட்டால், தாமதிக்க வேண்டாம்.

குறைந்த பால் பெரும்பாலும் திரும்பி வரும். பிள்ளை சப்பச் சப்பத்தான் பால் ஊறும். இரவு உட்பட, இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை முதலில் மார்பில் போடுங்கள், தேவைப்பட்டால் மட்டும் பிறகு பவுடர்ப் பால் கொடுங்கள். புட்டிக்குப் பழகிய பிள்ளை முகத்தைத் திருப்பி அழலாம். அப்போது வற்புறுத்தாமல், உடையின்றி உங்கள் வெற்று மார்பில் சாய்த்து, ஒரு துணியால் முதுகை மூடிக்கொண்டு காத்திருங்கள். அரைத்தூக்கத்தில் தானாகவே காம்பைத் தேடும் பிள்ளைகளை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். எடை ஏறுகிறதா என்று வாரம் ஒருமுறை பார்த்து, அதற்கேற்பப் பவுடரைச் சிறிது சிறிதாகக் குறையுங்கள்.